கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா? - அப்பா வண்டியின் பிரேக் லைன் மாற்றிய கதை!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பேராவூரணி. காலையில் மீன் வாங்க சேதுபாவாசத்திரம் வரை போய்வரச் சொன்னார் அம்மா. வாசலில் அப்பாவின் 150 சிசி பைக் நின்றது. 2005-ல் தேங்காய் போட்ட காசில் வாங்கியது. நான் பள்ளிக்கூடம் போனது, அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தது எல்லாம் அதில்தான். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ரோடு காலியாக இருந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் தோப்புக்குள்ளிருந்து ஆடுகள் ரோட்டுக்கு வந்தன. பின்னாலேயே குச்சியோடு ஓர் ஆத்தா. முன்பிரேக்கைப் பிடித்தேன். லிவர், வெண்ணெய்க்குள் விரல் போவதுபோல ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை ஏறி மிதித்ததில் சக்கரம் தேய்ந்து, வண்டி கோணிக்கொண்டு போய் நின்றபோது, ஆத்தாவுக்கும் முன் டயருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

"ஏந்தம்பி, பிரேக் இல்லாத வண்டியவா ஓட்டிக்கிட்டு வர்ற?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. மீன் வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"அது ரெண்டு தடவ அடிச்சுப் பிடிக்கணும் தம்பி. மொத தடவ உள்ள போகும், ரெண்டாவது தடவ நிக்கும். ஒன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

இந்தக் கட்டுரையே அந்த 'ரெண்டு தடவ'யைப் பற்றியதுதான்.

பழகிப்போன ஆபத்து

வண்டி ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதை ஓட்டுபவரின் கையும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகும். ஒரு தடவை பிடித்த இடத்தில் இரண்டு தடவை பிடிப்போம். பத்தடி முன்னால் பிடித்தவர் இருபதடி முன்னால் பிடிப்பார். கடைசியில் 'என் வண்டி எனக்குத் தெரியும்' என்று ஒரு தைரியம் வந்துவிடும்.

ஆனால், அந்த ரகசியம் அப்பாவின் கைக்கு மட்டும்தான் தெரியும். அவசரத்துக்கு வண்டியை எடுக்கும் மகனுக்கோ, மகளுக்கோ, இரவல் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ தெரியாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. இரண்டாவது தடவை அடித்துப் பிடிக்க அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வேகம் குறையாமலேயே ஐந்தரை மீட்டர் போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் என்றால் எட்டு மீட்டருக்கும் மேல். எனக்குக் கிடைத்தது ஒரு முழம்.

புது வண்டி வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னை மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பதை நாடே பார்த்தது. புதிதாக நட்ட பிள்ளை காய்ப்புக்கு வர வருடக்கணக்காகும். அதுவரை பழைய வண்டிதான். எங்கள் ஊரில் பழைய பைக் என்பது ஸ்டைலுக்கு வைத்திருக்கும் பொருள் அல்ல. தேங்காய் மூட்டை, உர மூட்டை, பால் கேன், பின்னால் அம்மா என்று தினமும் உழைக்கிற வண்டி. அதனால்தான் அதன் பிரேக் இவ்வளவு முக்கியம்.

பட்டறையில் கிடைத்த பாடம்

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவர். லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஹேண்டில்பாரில் இருந்த டிஸ்க் ஆயில் டப்பாவின் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, அங்கிருந்து முன்சக்கரத்துக்கு இறங்கும் கறுப்பு ரப்பர் குழாயை இரண்டு விரலால் மடக்கிக் காட்டினார். அறுவடை முடிந்த வயல்போல வெடிப்பு வெடிப்பாக இருந்தது. கீழே, குழாய் இரும்போடு சேரும் இடத்தில் ஈரம் கசிந்து, அதில் மண் ஒட்டியிருந்தது.

"தம்பி, மேட்டூர்ல தண்ணி தொறந்தா மட்டும் போதுமா? நம்ம கடைமடைக்கு வந்து சேரணும்ல? அதேதான் இது. நீ மேல எவ்வளவு அழுத்துனாலும், நடுவுல கரை ஒடஞ்சிருந்தா கீழ வந்து சேராது" என்றார்.

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் ஊர் எங்களுடையது. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. ஜூன் 12-ல் அணை திறந்தார்கள் என்று செய்தி வந்தாலும், 'இங்க தண்ணி வந்துச்சா?' என்பதுதான் எங்கள் ஊரின் முதல் கேள்வி. ஆகவே, மெக்கானிக் அண்ணன் சொன்ன உதாரணம் அப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

விரல் அழுத்தம் சக்கரத்தை எப்படிப் பிடிக்கிறது?

டிஸ்க் பிரேக்கில் கேபிள் கிடையாது. லிவரைப் பிடித்தால், ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன பிஸ்டன் நகர்ந்து, பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகக் கீழே உள்ள கேலிப்பருக்குப் போய், அங்கிருக்கும் பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடுகளைத் தள்ள, பேடுகள் சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கின்றன.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளேய்ஸ் பாஸ்கல் சொன்ன விதிதான் இதற்கு அடிப்படை. ஓர் உதாரணம்: மேலே பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ., கீழே 30 மி.மீ. என்றால், பரப்பளவு ஆறு மடங்குக்கு மேல். நம் கை கொடுக்கும் விசை அங்கே அத்தனை மடங்காகப் பெருகுகிறது. இரண்டு விரலால் ஒரு பைக்கை நிறுத்த முடிவது இதனால்தான்.

இந்த வித்தைக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, காற்று. திரவத்தை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும், நம் விரல் கொடுக்கும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது, உப்பும் குழாய். பம்ப்செட் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால், பைப் நடுவில் கொஞ்சம் உப்புமே, அதுபோலத்தான். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் விரியும்போது, கீழே போகவேண்டியதில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும்.

எங்கள் வண்டியில் நடந்தது ஒரு சங்கிலித் தொடர். ரப்பர் வெடித்துக் கசிந்தது. கசிந்ததால் டப்பாவில் ஆயில் குறைந்தது. குறைந்ததால் காற்று உள்ளே போனது. காற்று போனதால் 'ரெண்டு தடவ' பழக்கம் வந்தது. அப்பா அவ்வப்போது ஆயில் மட்டும் ஊற்றி வந்திருக்கிறார். வரப்பு உடைந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்த கதைதான்.

ஆயிலுக்கும் வயசு உண்டு

பட்டறைகளில் 'டிஸ்க் ஆயில்' என்று சொன்னாலும், அது இன்ஜின் ஆயில் வகையைச் சேர்ந்தது அல்ல. நாம் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைகால் சார்ந்த திரவங்கள். இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டவை. தண்ணீர் சேரச் சேர, கொதிநிலை இறங்கும். தர விதிப்படி டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3-க்கு இது 205, 140.

தொடர்ந்து பிரேக் பிடித்தால் கேலிப்பர் சூடாகும். அந்தச் சூட்டில் பழைய திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். பிறகு லிவர் பஞ்சுபோல் உள்ளே போகும். கடற்கரையை ஒட்டிய, வருடம் முழுக்க ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. யமஹா, சுஸுகி போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பல மாடல்களுக்கான கையேடுகளில், பிரேக் திரவத்தை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிரேக் ஹோஸை 4 ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் வண்டியின் ஹோஸ், வாங்கியபோது வந்த அதே ஹோஸ்!

இன்னொன்று: 'ஆயில்தானே' என்று இன்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ பிரேக் டப்பாவில் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், மொத்த பிரேக்கும் கெட்டுவிடும். டப்பா மூடியில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ, அதை மட்டும்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிகான் திரவம். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை டாட் 3, டாட் 4-உடன் கலந்துவிடாதீர்கள்.

ரப்பரா, ஸ்டீலா?

ஹோஸை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவானது. எதை வாங்குவது? இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கம்பெனி கொடுக்கும் அதே ரப்பர் ஹோஸ். உள்ளே ரப்பர், நடுவில் நூல் பின்னல், வெளியே ரப்பர் என்று அடுக்காக இருக்கும். விலை சில நூறு ரூபாய்தான். நல்ல தரத்தில், புதிதாக இருந்தால் தினசரி ஓட்டத்துக்கு இதுவே தாராளமாகப் போதும்.

இன்னொன்று, 'ஸ்டீல் பிரைடட்' லைன். உள்ளே டெஃப்லான் என்று நாம் சொல்லும் பி.டி.எஃப்.இ. குழாய். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூச்சாக இருக்கிறதே, அதே பொருள். அதன் மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் பாய் பின்னியதுபோல ஒரு பின்னல். அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. அழுத்தத்தில் இது ரப்பர் அளவுக்கு விரியாது. அதனால் லிவர் கெட்டியாக இருக்கும். விரல் அழுத்தியது அப்படியே கீழே போவதை உணரலாம். விலை ஆயிரங்களில் வரும்.

நான் ஸ்டீல் லைன்தான் வேண்டும் என்றேன். அப்பா, "பழைய வண்டிக்கு எதுக்கு அவ்வளவு?" என்றார். மெக்கானிக் அண்ணன் நடுவில் நின்றார். "மொதல்ல புதுசு. அப்பறம்தான் ஒசத்தி. நல்ல ரப்பர் கெடச்சா அதையே போடுவோம் மாமா."

கடைக்குப் போனோம். எங்கள் மாடலுக்கான ரப்பர் ஹோஸ் ஒன்றே ஒன்று இருந்தது. பாக்கெட் மேல் தூசி. மடக்கிப் பார்த்தால் ரப்பர் விறைத்திருந்தது. ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சந்திக்கும் சிக்கல் இது. பாகம் கிடைத்தாலும், அதுவே பழையதாக இருக்கும். தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அப்போதுதான் அப்பா இறங்கி வந்தார். எங்கள் வண்டிக்கான நீளத்தில் ஸ்டீல் லைன் சொல்லி வரவழைத்தோம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீளம்: கைக்குக் கிடைத்த நீளத்தைப் போடக் கூடாது. ஹேண்டில்பாரை இடது, வலது கோடி வரை திருப்பினாலும், முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஃபோர்க் முழுசாக நீண்டாலும் குழாய் இழுபடக் கூடாது. அதற்காக ரொம்பத் தொளதொளவென்று சக்கரத்தில் உரசவும் கூடாது.

மரை: குழாயைச் சேர்க்கும் பேஞ்சோ போல்ட்டில் 10 மி.மீ. அளவிலேயே இரண்டு வகை மரைகள் உண்டு. ஒன்று 1.0, இன்னொன்று 1.25. மாற்றிப் போட்டு முறுக்கினால், மாஸ்டர் சிலிண்டரின் மரையே போய்விடும்.

தர அடையாளம்: குழாயின் மேலேயே எழுத்து இருக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே1401, எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 போன்றவை பிரேக் ஹோஸுக்கான தர விதிகள். எந்த எழுத்தும் இல்லாமல், கலர் மட்டும் பளபளவென்று இருந்தால் வாங்காதீர்கள்.

இணைப்பு முனை: உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில், முனைகளும் துருப்பிடிக்காத எஃகில் இருப்பது நல்லது. மேலே மட்டும் பூச்சுப் பூசிய இரும்பு முனை சீக்கிரம் துருவேறும்.

உறை: எஃகுப் பின்னலின் மேல் பிளாஸ்டிக் உறை கட்டாயம் வேண்டும். வெறும் பின்னல், உரசும் இடத்தை எல்லாம் அரம்போல அறுத்துவிடும். பெயின்ட்டையும் அறுக்கும், ஒயரையும் அறுக்கும்.

ஒரு மதிய வேலை

வேலை பார்க்க எளிதாகத்தான் தெரிந்தது. ஆனால், ஒவ்வொரு படியிலும் ஒரு கவனம் இருந்தது.

முதலில் பெட்ரோல் டேங்க் மேல் ஈரத்துணி விரித்தார் அண்ணன். பிரேக் திரவம் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு பழைய திரவத்தை வெளியேற்றினார். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. புதிய திரவம் இளமஞ்சளாக இருக்கும்.

பழைய ஹோஸைக் கழற்றி, புது லைனை எங்கும் முறுக்காமல் அதன் கிளிப்புகளில் பொருத்தினார். பேஞ்சோ போல்ட்டின் இரண்டு பக்கமும் காப்பர் வாஷர். மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு. நான்கும் புதிது. "அஞ்சு பத்து ரூவாவப் பாத்துப் பழசையே போட்டா, மறுபடியும் கசியும்" என்றார். கசியாமல் இருப்பதற்கு இந்த வாஷர் நசுங்கி உட்கார வேண்டும். ஒருமுறை நசுங்கியதை நம்பக் கூடாது. போல்ட்டையும் பலம் கொண்டமட்டும் முறுக்காமல், டார்க் ஸ்பேனரில் கையேடு சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினார்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை: ஏர் எடுப்பது. கேலிப்பரில் இருக்கும் நிப்பிளில் ஒரு சின்ன ட்யூபை மாட்டி, மறுமுனையைப் புதிய திரவம் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் விட்டார். லிவர் என் கையில். "அழுத்து... புடிச்சுக்க" என்றதும் நிப்பிளைத் திறந்தார். குமிழி குமிழியாக வந்தது. மூடினார். "விடு." மறுபடி. "அழுத்து... புடிச்சுக்க." நிப்பிளை மூடுவதற்கு முன் லிவரை விட்டுவிட்டால், வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். மேலே டப்பாவில் திரவம் தீராமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை தடவை செய்தோம் என்று எண்ணவில்லை. குமிழி நின்றது. லிவர் பாதியிலேயே கல்லுபோல நின்றது.

அதோடு விடவில்லை. லிவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் துணி வைத்துத் துடைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. தேய்ந்துபோன பேடுகளையும் அப்போதே மாற்றினார். பிறகு, காலி மைதானத்தில் நடக்கிற வேகத்தில் ஓட்டி, பிடித்துப் பிடித்துப் பார்த்த பின்தான் ரோட்டுக்கு அனுப்பினார்.

இதை யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். பிரேக் என்பது தப்பாகச் செய்து கற்றுக்கொள்கிற வேலை அல்ல. தெரிந்தவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால், அதற்கான கருவி உள்ள சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது.

ஸ்டீல் லைன் போட்டால் வண்டி உடனே நின்றுவிடுமா?

இல்லை. விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். லைன் அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும். வழுக்கை டயரை வைத்துக்கொண்டு ஸ்டீல் லைன் போடுவது, பாயும் வயலைச் சமன் செய்யாமல் வாய்க்காலுக்கு மட்டும் சிமென்ட் போடுவது மாதிரி. காசு குறைவாக இருந்தால், டயர், பேடு, புதிய திரவம், நல்ல ரப்பர் ஹோஸ் ஆகியவைதான் முதலில். ஸ்டீல் அதற்குப் பிறகு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பஞ்சுபோல இருந்த லிவருக்குப் பழகிய கை, கெட்டியான பிரேக்கையும் அதே பலத்தோடு பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய வண்டிகளில் அது கிடையாது. மணல் படிந்த ரோட்டிலோ, அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்ட ரோட்டிலோ முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். புது பிரேக்குக்கு ஒரு வாரம் மெதுவாக ஓட்டிக் கையைப் பழக்குங்கள்.

அதற்காக 'முன்பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழுந்துடுவ' என்று நம் வீடுகளில் சொல்வதும் சரியல்ல. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு வருகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். பின்பிரேக்கை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்த ஆட்டு மந்தை எனக்குக் காட்டிவிட்டது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே சரி.

டிஸ்க் இல்லாத வண்டிக்கு?

நம் ஊர்களில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் டிரம் பிரேக்தான். 1969-ல் ஹோண்டா சிபி750 முன்பக்க ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்துவிட்டது. ஆனால், 1983-ல் இந்தியாவில் தயாரான ராஜ்தூத் 350-க்கு டிரம்தான் கொடுத்தார்கள். 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-ல் பஜாஜ் பல்சர் என வந்த பிறகுதான் இங்கே டிஸ்க் பரவியது. அதற்கு முந்தைய புல்லட், ஆர்எக்ஸ் 100, இன்றைக்கும் தேங்காய் சுமக்கும் எக்ஸ்எல் வண்டிகள் எல்லாவற்றிலும் பிரேக் லைன் என்பது கேபிள்தான்.

கேபிளுக்கும் வயசு உண்டு. லிவரில் மாட்டும் முனையில் கம்பி இழை ஒன்றிரண்டு அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மீதி இழைகள் அறுவது, நீங்கள் அவசரமாக அழுத்திப் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

டிரம் வண்டிக்கு டிஸ்க் மாட்டித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அது குழாய் மாற்றும் வேலை அல்ல. ஃபோர்க், ஹப், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் என்று முன்பக்கம் முழுக்க மாறும். தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 15 வருடம் முடிந்த சொந்த வண்டிகளுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அதனால், அப்படிச் செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் வண்டிக்கு 5 நிமிடம்

* லிவரை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? அல்லது இரண்டாவது தடவைதான் கெட்டியாகிறதா? அப்படியென்றால், இன்றே பட்டறைக்குப் போங்கள்.
* டப்பாவின் கண்ணாடியில் திரவத்தின் அளவு கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கிறதா? நிறம் டீயைப்போல ஆகிவிட்டதா?
* ஹோஸை மெல்ல மடக்கிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், இரு முனையிலும் ஈரம் இருக்கிறதா?
* வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிரேக்கைப் பிடித்து விட்ட பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால், ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, திரவம் திரும்பி வராமல் அடைத்திருக்கலாம்; கேலிப்பர் பிஸ்டனும் இறுகியிருக்கலாம். இரண்டுமே ஆபத்துதான்.
* கேபிள் வண்டி என்றால், முனையில் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஏற்றிவிட அப்பா வந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு மினி பஸ் குறுக்கே வந்தது. அப்பா பிரேக் பிடித்தார். முதல் பிடியிலேயே வண்டி நின்றுவிட்டது. நின்ற பிறகும் அவர் விரல் இன்னொரு தடவை லிவரை அழுத்தியது.

"நின்னுடுச்சுப்பா" என்றேன்.

"ஆமா. கைதான் இன்னும் நம்ப மாட்டேங்குது" என்று சிரித்தார்.

உங்கள் அப்பாவின் கைக்கும் இப்படி ஒரு ரகசியம் இருக்கலாம். இந்த வாரம் ஊருக்குப் போனால், சாவியை எடுக்கும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்: 'பிரேக் எத்தனை தடவப்பா புடிக்கணும்?' 'ஒரு தடவை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.